கடைசி ஆள் வந்தாச்சா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "தனியாக ஓடி அலுத்துவிட்டதா, பக்கத்தில் இருக்கும் ஓட்டக் குழுவில் போய்ச் சேருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், "சேர்ந்தோம் சார், சேர்ந்த பிறகுதான் பிரச்சினையே ஆரம்பம்" என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அந்த விவகாரம்தான். பெயர் வேண்டாம் என்று பாதிப்பேர் கேட்டிருந்தார்கள், எல்லார் பெயரையுமே விட்டுவிட்டேன்.

கேள்வி: குழுவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. எப்போதும் நான்தான் கடைசி. வழியில் எல்லாரும் நின்று எனக்காகக் காத்திருக்கிறார்கள், நான் வந்ததும் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல்தான் ரொம்பக் கூச்சமாக இருக்கிறது. விலகிவிடலாமா?

விலகாதீர்கள். உங்கள் கூச்சம் எனக்கு நன்றாகவே தெரியும், நானும் ஒன்றரை வருஷம் அந்த இடத்தில்தான் இருந்தேன். கைதட்டலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைப் படுத்தியது வேறு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வேன். அதற்குள் முன்னால் போனவர்கள் தண்ணீர் குடித்து, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டி, உலக விஷயம் எல்லாம் பேசி முடித்து, நன்றாக இளைப்பாறியிருப்பார்கள். என் தலை தெரிந்ததும் "வந்துட்டீங்களா, சரி, போலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். ஓய்வே தேவைப்படாதவனுக்கு நாலு நிமிடம், நாக்குத் தள்ளி நிற்பவனுக்கு ஒரு நொடிகூடக் கிடையாது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, உண்மையிலேயே எனக்காகத்தான் நின்றார்கள், நின்றதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் குழுவில் வயதில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் கிளம்பப் போகும் நேரம் பார்த்து அவர் கீழே உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றுவார். கவிழ்த்துத் தட்டுவார். உள்ளே கையை விட்டுத் தடவுவார். "கல்லு" என்பார். எப்படியும் இரண்டு நிமிடம் ஆகிவிடும், அதற்குள் எனக்கு மூச்சு சீராகிவிடும். வாராவாரம் அதே கல். அது கல் இல்லை என்று எனக்குப் புரியவே ஏழெட்டு வாரம் ஆயிற்று!

உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இல்லையென்றால் வெளிப்படையாக ஒரு விதி போடச் சொல்லுங்கள்: காத்திருந்து சேரும் இடத்தில் "கிளம்பலாம்" என்று சொல்லும் உரிமை கடைசியாக வந்தவருக்கு மட்டுமே. இன்னொன்றும் இருக்கிறது. பார்க்ரன் என்று உலகம் முழுக்க வாராவாரம் நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டம் 2004-ல் லண்டனில் உள்ள புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கியது. அதில் எல்லாருக்கும் பின்னால் நடந்து வர ஒரு தன்னார்வலர் எப்போதும் இருப்பார். கடைசி இடம் அவருடையது, வேறு யாரும் கடைசியாக வரவே முடியாது. உங்கள் குழுவிலும் வாரம் ஒருவர் முறை வைத்துப் பின்னால் ஓடலாமே, வேகமாக ஓடுகிறவர்கள் உட்பட. ஒரு நாள் பின்னால் ஓடிப் பார்த்தவனுக்கு எதையும் விளக்கவே வேண்டாம்.

கேள்வி: மேலே இருப்பவருக்கு நேரெதிர் என் கதை. குழுவில் நான்தான் வேகம். நட்பு, ஒற்றுமை என்று எல்லாரோடும் சேர்ந்து மெதுவாக ஓடினால் என் பயிற்சி கெட்டுவிடாதா? சுயநலமாகக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நினைக்கவில்லை, நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று சொல்லுங்கள், வாரத்தில் எத்தனை நாள் நீங்கள் மெதுவாக ஓடுகிறீர்கள்? தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பயிற்சியில் பெரும் பகுதி, தோராயமாக ஐந்தில் நாலு பங்கு, ஈஸி ரன்தான். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். நம்மைப் போன்றவர்கள்தான் தினமும் கொஞ்சம் அதிக வேகத்தில் ஓடிவிட்டு, கடினமாக ஓட வேண்டிய நாளில் கால் எழும்பாமல் நிற்கிறோம். ஆகவே குழுவோடு ஓடும் நாளை உங்கள் ஈஸி நாளாக வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச தூரம் வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி வேகமாக ஓடும் இன்டர்வல் பயிற்சியைத் தனியாகவோ உங்கள் வேகக்காரர் ஒருவரோடோ முடித்துக்கொள்ளுங்கள். குழுவால் பயிற்சி கெட்டவர்களைவிடக் குழுவால் காயத்திலிருந்து தப்பியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மெதுவாகவே ஓடக் கால் கூசுகிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடியுங்கள். எல்லாரும் ஒன்றாகக் கிளம்பி அவரவர் வேகத்தில் 30 நிமிடம் போகட்டும். முப்பதாவது நிமிடத்தில் யார் எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்ப வேண்டும். நீங்கள் ஆறு கிலோமீட்டர் போயிருப்பீர்கள், இன்னொருவர் நாலுதான் போயிருப்பார். அதே வேகத்தில் திரும்பினால் இருவரும் அறுபதாவது நிமிடத்தில் கிளம்பிய இடத்துக்கு ஒன்றாக வந்து சேர்வீர்கள். இதில் ஒரு வேடிக்கை, திரும்பும்போது நீங்கள் பின்னாலிருந்து வருவீர்கள், கடைசி ஆள் உங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவர் முகத்தைப் பாருங்கள்.

பழைய வழி ஒன்றும் உண்டு. 1938-ல் கோலாலம்பூரில் சில பிரிட்டிஷ்காரர்கள் சேர்ந்து ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்ற ஓட்டக் குழுவைத் தொடங்கினார்கள். ஒருவர் முன்னதாகப் போய்க் காகிதத் துண்டுகளைப் போட்டுத் தடம் வைப்பார், மற்றவர்கள் தடத்தைத் தேடிக்கொண்டே ஓட வேண்டும். நடுநடுவே பொய்த் தடங்களும் இருக்கும். முன்னால் பாய்கிறவர்கள் அதில் போய் ஏமாந்து திரும்பி வருவதற்குள் மெதுவானவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருந்த மாதிரியே இருக்காது, கூச்சத்துக்கே இடமில்லை. இதைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாகத் தானும் மெதுவாக ஓடுகிறவராகத்தான் இருந்திருப்பார் என்பது என் சந்தேகம்.

கேள்வி: ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டால் ஒற்றுமை வருமா? எங்கள் குழுவில் இரண்டு மாதமாக இதே பேச்சு.

படம் எடுத்தால் நன்றாக வரும். இரண்டு மாதம் டி-ஷர்ட் பேசிய நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கலாம் என்று கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஓட்டம் என்பதே தனி ஆள் விளையாட்டு. பந்தைக் கொடுக்க வேண்டியதில்லை, வாங்க வேண்டியதில்லை. இதில் 'அணி உணர்வு' என்று பேசுவது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியவில்லையா?

நானும் ரொம்ப நாள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு மைலை நாலு நிமிடத்துக்குள் முதலில் ஓடியவர் யார் என்று கேட்டால் ரோஜர் பானிஸ்டர் என்று சொல்லிவிடுவோம். 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டில் இஃப்லி ரோடு மைதானம், 3 நிமிடம் 59.4 நொடி. அந்த ஓட்டத்தின் முதல் பாதி முழுக்க முன்னால் ஓடி அவருக்கு வேகம் பிடித்துக் கொடுத்தவர் கிறிஸ் பிராஷர், அவர் தளர்ந்ததும் முன்னால் வந்து இழுத்துக்கொண்டு போனவர் கிறிஸ் சாட்டவே, பானிஸ்டர் தனியாக முன்னால் ஓடியது கடைசிச் சுற்றின் பிற்பாதியில் மட்டும்தான். மூன்று பேரும் ஒன்றாகப் பயிற்சி செய்த நண்பர்கள். மற்ற இருவரும் சும்மா ஆட்கள் இல்லை, சாட்டவே அதே வருஷம் 5000 மீட்டரில் உலக சாதனை செய்தார், பிராஷர் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸில் தங்கம் வாங்கினார். இத்தனை திறமையும் அன்றைக்கு இன்னொருவனுக்காகச் செலவானது.

2019 அக்டோபர் 12-ல் வியன்னாவில் கென்யாவின் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்காக 41 பேசர்கள், அதாவது வேகம் பிடித்துக் கொடுக்கக் கூடவே ஓடுகிறவர்கள், முறை மாற்றி மாற்றி ஓடினார்கள், அதனாலேயே அது அதிகாரபூர்வ உலக சாதனையாகக் கணக்கில் வரவில்லை. கடைசிச் சில நூறு மீட்டரில் பேசர்கள் ஒதுங்கிப் பின்னால் போய்விட, அவர் தனியாகக் கோட்டைத் தொடுகிறார். பின்னால் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டு வருகிறவர்களைப் பாருங்கள், அவர்களே ஜெயித்த மாதிரி இருக்கும்.

இவையெல்லாம் பெரிய ஆட்கள் சமாச்சாரம், நம் தெருமுனைக் குழுவுக்கு என்ன என்று கேட்பீர்கள். 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் பெர்லினில் ஒரு படகோட்டிகள் சங்கத்து ஆட்களை வைத்துச் சோதனை செய்தார். எடையைத் தனியாகத் தூக்கச் சொன்னார், பிறகு ஜோடியாக ஒரே கம்பியைப் பிடித்துத் தூக்கச் சொன்னார். ஒருவர் விட்டால் இருவரும் விட்டாக வேண்டும். ஜோடியில் பலம் குறைந்தவர் தனியாக இருந்தபோது தாங்கியதைவிட அதிக நேரம் தாங்கினார். தன்னால் இன்னொருவன் கெடக் கூடாது என்ற ஒரே எண்ணம். இதில் முக்கியமான இடம், இருவருக்கும் பலத்தில் ஓரளவு வித்தியாசம் இருக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்தது, ஒருவர் மலை, இன்னொருவர் மடு என்றால் பலிக்கவில்லை. ஆகையால் புதிதாக வந்தவரைக் குழுவின் புயலோடு ஜோடி சேர்க்காதீர்கள், அவரைவிடக் கொஞ்சம் மட்டும் வேகம் அதிகம் உள்ளவரோடு விடுங்கள்.

ஜப்பானில் எகிடென் என்று தொடர் ஓட்டம் உண்டு. 1920-ல் தொடங்கிய ஹகோனே எகிடெனில் பல்கலைக்கழக அணிகள் இரண்டு நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன, அணிக்குப் பத்துப் பேர். தோளுக்குக் குறுக்கே போடும் ஒரு துணிப் பட்டையைத்தான் கைமாற்றிக்கொண்டு போவார்கள், பெயர் தசுகி. முந்தைய ஆள் குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால் அடுத்தவர் அணியின் பட்டை இல்லாமல் வேறொரு மாற்றுப் பட்டையோடு கிளம்ப வேண்டியதுதான். அந்தக் காட்சியை ஒருமுறை வீடியோவில் பார்த்தேன். ஒரு பையன் தன் பட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி தள்ளாடிக்கொண்டு வருகிறான், வாங்கிக்கொள்ள வேண்டியவன் அங்கே இல்லை. அவன் அழுதது ஓட்டத்தில் தோற்றதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. இதைப் பார்த்த பிறகுதான் 'தனி ஆள் விளையாட்டு' என்று பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டத்தைத் தவிர எல்லாம் ஓடுகிறது. அரசியல் சண்டையில் இருவர் பேச்சு வார்த்தையே இல்லை.

இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில் இடம், நேரம், மழையா இல்லையா மட்டும். மற்றதில் சண்டை போடுகிறவர்கள் நிம்மதியாகச் சண்டை போடட்டும். பேசாத இருவரையும் ஒரே நீள ஓட்டத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள். இருபது கிலோமீட்டர் வாயை மூடிக்கொண்டு ஓடுவது ரொம்பக் கஷ்டம், பத்தாவது கிலோமீட்டரில் யாராவது ஒருவர் "முட்டி வலிக்குதா உங்களுக்கும்?" என்று ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: குழுவில் நான் ஒரே பெண். யாரும் தவறாக நடந்துகொள்வதில்லை. ஆனாலும் இருட்டில் கிளம்பும் நாட்களில் வேகம் குறைந்தால் தனியாக விடப்படுவேனோ என்று ஒரு பயம். சொன்னால் 'சலுகை கேட்கிறாள்' என்பார்களோ?

சொல்லுங்கள் அம்மா, சலுகை என்று எவனாவது சொன்னால் அவன் பெயரை எனக்கு எழுதுங்கள். இருட்டில் யாரும் தனியாக ஓடக் கூடாது, ஆணோ பெண்ணோ, இருவருக்குக் குறையாமல்தான் போக வேண்டும் என்பதைப் பொது விதியாகவே வைத்துவிட்டால் உங்களுக்கென்று தனியாக ஏதும் கேட்க வேண்டியதில்லை. நாய் துரத்தினாலும் சரி, குழியில் கால் மடங்கினாலும் சரி, பக்கத்தில் இன்னொருவர் இருப்பது எல்லாருக்கும் நல்லதுதானே.

பெண்களைப் போட்டியில் சேர்த்துக்கொள்ளாத காலம் அது, 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் 261 என்ற எண்ணோடு ஓடியபோது போட்டி அதிகாரி ஒருவர் ஓடி வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்ததும், உடன் ஓடிய நண்பர் அதிகாரியை மோதித் தள்ளியதும் எல்லாருக்கும் தெரிந்த புகைப்படம். அதில் எனக்குப் பிடித்தவர் ஆர்னி பிரிக்ஸ், ஸ்விட்சரின் பயிற்சியாளர். பெண்ணால் அவ்வளவு தூரம் முடியாது என்று முதலில் சொன்னவரே அவர்தான். பயிற்சியில் அவள் 31 மைல் ஓடிக் காட்டியதும், பெயரைப் பதிவு செய்துவிட்டு முறைப்படி ஓடு என்று வற்புறுத்தியவரும் அவரே, அன்று கூடவே ஓடியும் வந்தார். தன் வாக்கைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஒரு ஆள் உங்கள் குழுவிலும் இருப்பார், முதலில் அவரிடம் பேசுங்கள்.

கேள்வி: போட்டியில் குழுக்காரர் ஒருவர் விழுந்துவிட்டார். நான் நின்றேன், என் டைமிங் போயிற்று. இன்னொரு நண்பர் நிற்காமல் போய் சாதனை நேரத்தில் முடித்தார். இப்போது இருவருக்கும் மனஸ்தாபம். யார் செய்தது சரி?

விழுந்தவர் எப்படி விழுந்தார் என்று நீங்கள் எழுதவில்லை, எல்லாமே அதில்தான் இருக்கிறது. தடுக்கி விழுந்து, எழுந்து உட்கார்ந்து, "போங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று தெளிவாகச் சொல்கிறார் என்றால் போனவர் மேல் தப்பில்லை. தள்ளாடுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து. அப்போது டைமிங்காவது ஒன்றாவது! ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், அது வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், கிடைத்த குளிர்ந்த நீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 5000 மீட்டர் தகுதிச் சுற்றில் நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளின் விழ, அவர்மேல் இடறி அமெரிக்காவின் அபி டி'அகோஸ்டினோவும் விழுந்தார். முதலில் எழுந்த அபி ஓடிவிடாமல் நிக்கியை எழுப்பினார். சற்று தூரத்தில் அபியின் முழங்கால் கைவிட்டுவிட்டது, இப்போது நிக்கி நின்றார். இருவரும் ஓட்டத்தை முடித்தார்கள். அதற்கு முன் ஒருவருக்கொருவர் பழக்கம்கூடக் கிடையாது. உங்கள் நண்பரிடம் இந்தக் கதையைச் சொல்லிக் குத்திக்காட்ட வேண்டாம், நான் உங்களுக்காகச் சொன்னேன். நீங்கள் இழந்த நேரத்தை அடுத்த போட்டியில் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை கிளம்பும் முன்பே "யாராவது விழுந்தால் யார் நிற்பது" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், மனஸ்தாபம் பாதி அங்கேயே தீரும்.

கேள்வி: காலில் எலும்பு கீறல், ஆறு வாரம் ஓடக் கூடாது. குழுவிலிருந்து முதல் வாரம் எல்லாரும் விசாரித்தார்கள், இப்போது சத்தமே இல்லை. ஓடாதவனுக்கு அங்கே இடமில்லை போலிருக்கிறது.

மறந்திருக்க மாட்டார்கள், என்ன பேசுவது என்று தெரியாமல் இருப்பார்கள். அவர்கள் வாயில் ஓட்டத்தைத் தவிர வேறு பேச்சு வராது, அதை உங்களிடம் பேசினால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினது போலாகுமோ என்று ஒதுங்குவார்கள். இப்படி ஒதுங்கியவர்களில் நானும் ஒருவன். கூட ஓடிய ஒருவருக்குக் காலில் காயம் பட்டபோது நாலு மாதம் போன் செய்யவில்லை, பிறகு பார்த்தபோது என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் திரும்பக் குழுவுக்கு வரவே இல்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள், மருத்துவர் நடக்க அனுமதித்திருந்தால் அவர்கள் ஓடும் நாளில் நேராகப் போய் நில்லுங்கள். ஸ்டாப்வாட்சை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கிளம்பியவர்கள் தலையை எண்ணுங்கள், திரும்பியவர்களை எண்ணுங்கள். பல குழுக்களில் இந்த எண்ணும் வேலையைச் செய்ய ஆளே கிடையாது. குழு நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், காயப்பட்டவருக்கு "சீக்கிரம் குணமாகுங்கள்" என்று பூ படம் அனுப்புவதை விட்டு, போன் செய்து "ஞாயிற்றுக்கிழமை டைம் எடுக்க ஆள் இல்லை, வர முடியுமா" என்று கேளுங்கள்.

கேள்வி: ஒருவர் தினமும் பத்து நிமிடம் தாமதம். அவருக்காக இருபது பேர் நிற்கிறோம். கடைசி ஆளுக்காகக் காத்திருக்கச் சொல்லும் நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்?

நன்றாக மடக்கிவிட்டீர்கள். கால் மெதுவாக இருப்பவருக்கு நிற்கலாம், அலாரம் மெதுவாக இருப்பவருக்கு நிற்கக் கூடாது. சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடுங்கள், போகும் வழியை மட்டும் குழுவில் போட்டுவிடுங்கள். துரத்திப் பிடித்து வரட்டும், அவருக்கு இன்டர்வல் பயிற்சி ஆயிற்று.